கோடை மழையில் நாய்களோடு வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் முறை

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று முன்னோர் வகுத்து வைத்திருந்தாலும், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்தில் அந்த இரண்டு மாதங்களும் பகலில் கொளுத்தும் வெயிலும் மாலையில் இடி மழையுமாகத்தான் கழிகின்றன. மாங்காய் திரண்டு தொங்கும் நாட்களில், பிற்பகல் நான்கு மணிக்கு மேல் காற்று சுழன்றடித்து, அரை மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு வானம் வெளுத்துவிடும். மழை விட்டதும் தோப்புக்குள் ஓடிய நாய்கள் வயிறு வரை செம்மண் அப்பிக்கொண்டு, வாலை ஆட்டியபடி வாசற்படியில் வந்து நிற்கும். காவேரிப்பட்டணத்துக்கு அருகே மாந்தோப்பை ஒட்டிய எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள் வளர்கின்றன. மணி நாட்டு நாய், செல்லி லாப்ரடார். ஒன்பது கோடைகளாக இவை இரண்டையும் வெளியே கட்டிப் போடாமல், வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டே தரையையும் காப்பாற்றி வருகிறோம். அந்த அனுபவத்தில் பயன்பட்ட முறைகளை இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்ல வேண்டியது, ஈரச் சேற்றின் மேல் அவசரப்பட்டுத் தண்ணீரை ஊற்றக் கூடாது என்பதுதான். நாய் சேற்றோடு வந்ததும் குழாயைத் திறப்பதுதான் எல்லோருக்கும் கை பழகிய செயல். ஆனால் நம் பகுதிச் செம்மண்ணில் மணலோடு களியும் கலந்திருக்கிறது. களித்துகள் என்பது 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது, தட்டையானது, நீரைப் பிடித்துக்கொண்டு எதன் மேல் பட்டாலும் ஒட்டிக்கொள்ளும். மண்ணுக்குச் சிவப்பைத் தருகிற இரும்பு ஆக்சைடு அந்தத் துகள்களின் மேல் படிந்திருக்கிறது. ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினால் மண் போவதில்லை. நீர்த்துச் செந்நீராகி, முடியின் அடிவரை இறங்கி, நாய் நடக்கும் இடமெல்லாம் சொட்டுகிறது. அதே மண் காய்ந்துவிட்டால் தானாகவே வெடித்து, தட்டினாலே உதிர்ந்து, துடைப்பத்தால் பெருக்கி அள்ளக்கூடிய தூசியாகிவிடுகிறது.

முதல் கோடையில் இது எனக்குத் தெரியாது. கூடத்தில் அப்போதுதான் வெளிர்நிற டைல்ஸ் பதித்திருந்தோம். மழையில் நனைந்து வந்த இரண்டு நாய்களுக்கும் வாசலிலேயே நாலு வாளித் தண்ணீரை ஊற்றி, துண்டால் பாதி துடைத்த நிலையில் உள்ளே விட்டேன். சொட்டியதை ஈர மாப்பால் துடைக்கத் துடைக்க, அந்தச் செந்நீர் கூடம் முழுவதும் பரவியது. காலையில் பார்த்தபோது டைல்ஸ் சுத்தமாகத்தான் இருந்தது; ஆனால் டைல்ஸ்களுக்கு இடையே பூசிய வெள்ளைச் சிமெண்ட் கோடுகளெல்லாம் இளஞ்சிவப்பாகியிருந்தன. எவ்வளவு தேய்த்தும் வாசலுக்கு அருகே உள்ள மூன்று வரிசையில் அந்த நிறம் இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை.

நாய் காயும் வரை காத்திருக்க ஓர் இடம்

ஆகவே, வீட்டுக்குள் நுழைவதற்கு முன் நாய் காய்வதற்கு ஓர் இடம் வேண்டும். திண்ணையோ தாழ்வாரமோ கார் நிறுத்தும் ஷெட்டோ எதுவானாலும் சரி, மேலே கூரையும் கீழே சிமெண்ட் தரையும் இருந்தால் போதுமானது. எங்கள் வீட்டில் முன்தாழ்வாரத்தின் வாய்க்கு இடுப்புயரத்தில் ஓர் இரும்புக் கிரில் கதவு போட்டிருக்கிறோம். வெளிவாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில் இப்படி ஓர் அடைப்பு இருந்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

தாழ்வாரத்தில் கழுவிக் காய வைத்த கோணிச்சாக்குகள் நாலைந்தை அடுக்காமல் பரப்பிவிடுகிறேன். கடைகளில் விற்கும் மெல்லிய மிதியடிகளைக் காட்டிலும் சாக்கு மேலானது. ஈரத்தை உறிஞ்சும், சொரசொரப்பாக இருப்பதால் பாதத்தில் ஒட்டிய மண்ணைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்ததும் வேலிக் கம்பத்தில் நாலு அடி அடித்தால் அவ்வளவு மண்ணும் உதிர்ந்துவிடும். அதற்கு அடுத்து, கூடத்தின் நிலைப்படிக்கு வெளியே, தடித்த தேங்காய்நார் மிதியடி ஒன்று கிடக்க வேண்டும். நாயின் நாலு பாதங்களும் குறைந்தது இரண்டு முறையாவது படும் அளவுக்கு, அதாவது நாலடி நீளத்துக்குக் குறையாமல், அது இருப்பது நல்லது. ஆள் கால் துடைக்கும் அளவிலான சிறு மிதியடியை நாய் ஒரே தாவலில் தாண்டிவிடும்.

நாய் தாழ்வாரத்துக்குள் வந்ததும் கட்டி கட்டியாகத் தொங்கும் சேற்றைக் கையாலேயே முடி வளர்ந்த திசையில் கீழ்நோக்கி வழித்துவிடுங்கள். பிறகு பழைய டர்க்கித் துண்டை மேலே போர்த்தி, அழுத்தி அழுத்தி ஈரத்தை ஒற்றி எடுங்கள். தேய்த்தால் களி முடிக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். அதற்குப் பின் ஒரு பெடஸ்டல் ஃபேனைப் போட்டுவிட்டு விட்டுவிடலாம். மணியைப் போன்ற குட்டை முடி நாட்டு நாய்க்கு அரை மணி நேரம் போதும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை போன்ற நம் ஊர் இனங்களுக்கும் இதே கணக்குத்தான். இந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்ற மேல்தோல் அவற்றுடையது. லாப்ரடார், பொமரேனியன் போன்றவற்றுக்கு உள்முடி ஒன்று அடர்த்தியாக இருப்பதால், மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். செல்லிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. ஈரம் உள்ளே நின்றால்தான் நனைந்த நாயின் அந்த வாடை கிளம்புகிறது. முடியில் வாழும் நுண்ணுயிர்கள் வெளியிடும் பொருட்களே அதற்குக் காரணம். காய வைப்பதைத் தவிர வேறு மருந்து அதற்குக் கிடையாது, வாசனைத் தெளிப்பான்கள் அதை மூடி மறைக்க மட்டுமே செய்யும்.

நாய் அங்கே பொறுமையாக இருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கும், பழக்க வேண்டும். தாழ்வாரத்தில் காத்திருக்கும் நேரத்தில் மட்டும் ஒரு வேகவைத்த முட்டைத் துண்டு கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால், இரண்டு வாரத்தில் மழை விட்டதும் தானாகவே சாக்கின் மேல் வந்து உட்காரப் பழகிவிடும். மழையில்லாத நாட்களிலும் இதைச் செய்து பழக்கினால்தான் மழை நாளில் கைகொடுக்கும். அதட்டுவதால் ஒரு பயனும் இல்லை. மிரண்ட நாய் உடம்பை உதறும், உதறினால் சுவர் போயிற்று.

காய விடுவதற்கு விதிவிலக்குகளும் உண்டு. நாய் சாக்கடையிலோ சாணக்குழியிலோ புரண்டிருந்தாலும், பக்கத்தில் பூச்சிமருந்து அடித்த தோப்பிலிருந்தோ கட்டட வேலை நடக்கும் இடத்தின் சிமெண்ட் சேற்றிலிருந்தோ வந்திருந்தாலும், உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். நாய் தன் பாதத்தை நக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. தேங்கிய குட்டைநீரில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், அதன் வழியாக நமக்கும் வரும். ஆதலால் கையில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் உறை போட்டுக்கொண்டே கழுவ வேண்டும். ஆண்டுதோறும் போடும் தடுப்பூசியில் எலிக்காய்ச்சலுக்கானதும் சேர்ந்திருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பாதம்

காய்ந்த பிறகு முதுகையும் வயிற்றையும் ரப்பர் பல் வைத்த பிரஷ்ஷால் நாலு இழுப்பு இழுத்தால் மண் பொடியாகக் கொட்டும். அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. கவனம் வேண்டியது பாதத்துக்குத்தான், ஏனென்றால் வீட்டுக்குள் வரும் மண்ணில் பெரும்பகுதி அதன் வழியாகவே வருகிறது.

நாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, பாதத்தை உங்கள் உள்ளங்கையில் ஏந்தி, பாதத்தின் அடியில் மெத்தென்று இருக்கும் திண்டுகளில் நடுத்திண்டைக் கட்டை விரலால் மெல்ல அழுத்துங்கள். விரல்கள் விசிறி போல விரியும். விரல்களுக்கு நடுவே, திண்டுகளுக்கு அடியில், அங்கே வளரும் முடியோடு பின்னிக்கொண்டு, புளியங்கொட்டை அளவில் மண் உருண்டை கெட்டியாக இறுகியிருப்பதைக் காணலாம். அதைப் பிய்த்து இழுத்தால் நாய்க்கு வலிக்கும். மறுமுறை பாதத்தைத் தரவே தராது. இரண்டு விரல்களுக்கு இடையில் வைத்து நசுக்கினால் உருண்டை உடைந்து பொடியாகிவிடும். உடையாத இடத்தில் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை ஒரு நிமிடம் சுற்றி வைத்தால் இளகிவிடும். பிறகு விரல் இடுக்குகளை உலர்ந்த துணியால் ஒற்றிவிட வேண்டும். அங்கே ஈரம் தங்கினால் தோல் சிவந்து அரிப்பு எடுக்கும், நாய் நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும். திண்டுகளுக்கு இடையே நீண்டிருக்கும் முடியை, திண்டின் மட்டத்துக்கு, முனை மழுங்கிய கத்திரிக்கோலால் மாதம் ஒருமுறை வெட்டிவிட்டால் இந்த உருண்டைகள் சேர்வதே பாதியாகக் குறையும். செல்லிக்குப் பங்குனி கடைசியில் இதைச் செய்துவிட்டால் வைகாசி வரை கூடத்தில் மண் குறைவதைக் கண்கூடாகப் பார்க்கிறேன்.

சேறு பட்ட நாளெல்லாம் குளிப்பாட்ட வேண்டியதில்லை. அடிக்கடி சோப்புப் போட்டால் தோலின் இயற்கை எண்ணெய் போய், முடி வறண்டு, முன்னைவிட அதிகமாகச் சேறு ஒட்டும். மூன்று நாலு வாரத்துக்கு ஒரு குளியல் போதும். அதுவும் நாய்க்கென்றே உள்ள ஷாம்பூவால். நாம் குளிக்கும் சோப்பு அதன் தோலுக்கு ஒவ்வாது. இந்த இரு மாவட்டங்களிலும் பல ஊர்களில் போர்வெல் நீர் உப்பும் கடினமுமாக இருக்கிறது. அதில் சோப்பு சரியாக நுரைக்காமல் பிசுபிசுப்பாக முடியில் தங்கிவிடும். ஆகவே கடைசியாக அலசும் இரண்டு வாளியை மட்டுமாவது, பிடித்து வைத்த மழைநீரில் செய்யுங்கள். காது தொங்கும் நாய்களுக்குத் தலையில் நீரை ஊற்றாமல் ஈரத்துணியால் துடைப்பதே நல்லது. காதுக்குள் நீர் இறங்கித் தங்கினால் சீழ் வைக்கலாம்.

தரையும் சுவரும் துணியும்

எவ்வளவு பார்த்தாலும் கொஞ்சம் மண் உள்ளே வரத்தான் செய்யும். ஈரத் தடம் பதிந்தால் அதை அப்படியே விடுங்கள். விருந்தினர் வருகிறார்கள் என்றால்கூட, ஒரு காகிதத்தை மேலே போட்டு ஈரத்தை ஒற்றிவிட்டு விடுங்கள். காய்ந்த பின் மென்மையான பூந்துடைப்பத்தால் பெருக்கி முறத்தில் அள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் மாப். மாப் போடும்போது இரண்டு வாளி வேண்டும்: ஒன்றில் துடைக்கும் நீர், மற்றொன்றில் மாப்பை அலசும் நீர். ஒரே வாளியில் செய்தால் கூடத்து மண்ணைச் சமையலறைக்குக் கொண்டுபோய்ப் பூசியதாகத்தான் முடியும்.

கறுப்பு ஃபினாயிலை நாய் இருக்கும் வீட்டில் பயன்படுத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதிலுள்ள ஃபீனால் வகைப் பொருட்கள் நாய்க்கு நஞ்சு. தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினால் நேராக வயிற்றுக்குப் போகும். எந்தத் தரைக்கழுவியானாலும் குறித்த அளவுக்கு நீர்த்து, துடைத்த பிறகு வெறும் நீரால் மறுபடி ஒருமுறை துடைத்து, தரை முழுதாகக் காய்ந்த பின் நாய்களை விடுங்கள். பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது. மூச்சுத் திணறடிக்கும் குளோரின் வாயு வெளிவரும்.

டைல்ஸ் கோடுகளில் செம்மண் ஏறியிருந்தால் ஆப்பச் சோடாவை நீரில் குழைத்துப் பூசி, கால் மணி நேரம் கழித்துப் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்க்கலாம். பல வீடுகளில் இன்னும் இருக்கும் பழைய சிவப்பு ஆக்சைடு தரை நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு கொடைதான். செம்மண் தெரியவே தெரியாது, இடுக்குக் கோடுகளும் கிடையாது. அதைப் பெயர்த்துவிட்டு வெள்ளை டைல்ஸ் போட நினைப்பவர்கள் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். அதன் மேல் ஆசிட் மட்டும் படக் கூடாது. மார்பிளின் மேல் எலுமிச்சைச் சாறுகூடப் படக் கூடாது.

நாய் உடம்பை உதறும்போது சேறு மூன்றடி உயரம் வரை சுவரில் தெறிக்கும். நம் கிராமத்து வீடுகளில் சுவரின் அடிப்பகுதியில் காவிப் பட்டை அடிக்கும் வழக்கத்தை வெறும் அழகுக்கென்று நினைத்திருந்தேன். மழைத்தெறிப்பு அதில் தெரியாமல் மறைவதைப் பார்த்த பின்தான் அதன் பயன் புரிந்தது. தாழ்வாரத்துச் சுவரில் நாலடி உயரத்துக்குக் கழுவக்கூடிய பெயிண்ட்டை, முடிந்தால் காவி நிறத்திலேயே, அடித்துவிடுங்கள்.

துணியில் பட்ட செம்மண்ணைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி. அந்தக் கறை இரும்புக் கறை. பிளீச் அதைப் போக்காது. சில நேரம் இன்னும் அழுத்தமாக்கிவிடும். வெந்நீரும் முதலில் வேண்டாம். காய வைத்து, வெளியே உதறி, குளிர்ந்த நீரில் சோப்புத்தூள் கரைத்து ஒரு மணி நேரம் ஊறப்போட்டுத் துவையுங்கள். வெள்ளைத் துணியில் நிறம் மிச்சமிருந்தால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசுங்கள். புளிப்புக்கு இரும்பு இளகும். உதறாமல் வாஷிங் மெஷினில் போட்டால் மண் உள்ளேயே படிந்து அடுத்த துவையலில் பள்ளிச் சீருடையில் ஏறிவிடும். நாய்த் துண்டுகளுக்கென்று நாங்கள் தனி வாளி வைத்திருக்கிறோம். சோபாவின் மேல் நல்ல விரிப்பைப் போடாமல், பழைய பவானி ஜமுக்காளம் ஒன்றைப் போட்டுவிடுகிறோம். தடிப்பானது, உதறினால் மண் நிற்காது.

முற்றத்தைச் சரிசெய்வது

இத்தனையும் செய்துவிட்டு முற்றத்தைச் சேறாகவே விட்டிருந்தால் தினமும் இதே வேலைதான். மழை விட்டதும் குடையோடு ஒரு நடை வெளியே வந்து, தண்ணீர் எங்கே நிற்கிறது, நாய்கள் எந்த வழியில் ஓடுகின்றன என்று பாருங்கள். நாய்கள் எப்போதும் ஒரே தடத்தில்தான் ஓடும். வேலியோரமாக ஒன்று, கேட்டிலிருந்து வாசலுக்கு ஒன்று. அந்த இரண்டு தடங்களையும் கெட்டிப்படுத்தினால் போதும், முற்றம் முழுவதும் தளம் போட வேண்டியதில்லை; போட்டால் மழைநீர் நிலத்தில் இறங்கவும் வழியிருக்காது.

கிருஷ்ணகிரி, பர்கூர்ப் பக்கத்துக் கிரானைட் பட்டறைகளில் மிஞ்சும் பலகைத் துண்டுகளை இதற்குப் பயன்படுத்தலாம். மெருகேறிய பக்கத்தைக் கீழே வைத்து, சொரசொரப்பான பக்கம் மேலே வரும்படி பதிக்க வேண்டும். இல்லாவிட்டால் மழையில் நாயும் வழுக்கும், நாமும் வழுக்குவோம். கூர் விளிம்புகளைத் தேய்த்துவிட மறக்காதீர்கள். கறுப்புக் கல்லைத் தவிர்ப்பது நல்லது. சித்திரை வெயிலில் அது கொதித்து நாயின் பாதத்தைப் பொசுக்கிவிடும். புறங்கையை ஐந்தாறு நொடி கல்லின் மேல் வைத்திருக்க முடியவில்லை என்றால் அதில் நாயும் நடக்க முடியாது. உடைத்த ஜல்லியை நேரடியாகப் பரப்பாதீர்கள். விரல் இடுக்கைக் கிழிக்கும்.

கூரையிலிருந்து நீர் விழும் கோடு நெடுகப் பள்ளம் பறிந்து சேறாவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். கூரை ஓரத்தில் தகர வடிகால் கட்டி, குழாய் வழியாக அந்த நீரை ஒரு டிரம்முக்கோ மழைநீர்க் குழிக்கோ கொண்டுபோய்விட்டால் சேறும் போகும், அலசுவதற்கு நல்ல நீரும் கிடைக்கும். வெறும் மண்ணாகக் கிடக்கும் இடங்களில் அறுகம்புல்லை நட்டுவிடுங்கள். ஒரு மழைக்குள் பற்றிக்கொள்ளும், மண்ணைக் கட்டிப் பிடிக்கும்.

நாய் குழி தோண்டுவது குறும்பினால் அல்ல. வெயிலுக்குக் குளிர்ந்த மண்ணைத் தேடித்தான். அதைத் தடுக்க முடியாது, இடம் மாற்றலாம். மாமர நிழலில் ஆறடிக்கு நாலடிப் பள்ளம் எடுத்து மணல் நிரப்பி, மாலையில் கொஞ்சம் நீர் தெளித்து வைத்தோம். மணியும் செல்லியும் இப்போது அங்கேதான் படுக்கின்றன. மணல் களியைப் போல ஒட்டாது; ஒருமுறை உதறினால் போய்விடும். உதிர்ந்து அழுகிய மாம்பழங்களை மட்டும் தினமும் பொறுக்கிவிட வேண்டும். அந்தச் சாறு மண்ணோடு சேர்ந்து முடியில் ஒட்டினால் காய்ந்தும் உதிராது. எறும்பும் ஈயும் பின்னாலேயே வீட்டுக்குள் வரும்.

இந்தப் பருவத்தில் சேற்றோடு வருவது உண்ணியும்தான். பிரஷ் போடும்போதே காது மடல், கழுத்துப் பட்டைக்கு அடிப்பக்கம், விரல் இடுக்கு மூன்றையும் பார்த்துவிடுங்கள். இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவரில் மேல்நோக்கி ஏறி, வெடிப்புகளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எங்கள் வீட்டுத் திரைச்சீலையின் மேல்மடிப்பில் ஒருமுறை அப்படிக் கண்டுபிடித்த பிறகு, தாழ்வாரத்துச் சுவர் வெடிப்புகளையெல்லாம் சிமெண்ட் வைத்து அடைத்தோம். மாட்டுக்கு வாங்கி வைத்த உண்ணி மருந்தை அளவு தெரியாமல் நாயின் மேல் ஊற்றாதீர்கள். எடைக்கேற்ற மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, சேற்று நீரை ஒருபோதும் குளியலறைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். களி குழாய்க்குள் படிந்து இறுகி அடைத்துக்கொள்ளும். பாதம் துடைத்த நீர், சாக்கு அலசிய நீர், மாப் வாளியின் நீர் மூன்றையும் ஒரு பழைய டப்பில் ஊற்றி இரவு முழுவதும் அசையாமல் வைத்தால் மண் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்த நீரில் சோப்பும் தரைக்கழுவியும் கலக்காதிருந்தால் வாழைக்கு ஊற்றலாம். அடியில் தங்கிய மண்ணை வாரத்துக்கு ஒருமுறை தென்னம்பாத்தியில் கொட்டிவிட்டு டப்பைக் கவிழ்த்து வைக்கிறோம்.